சதுர அலையின் ஓரம் ஏன் சாய்கிறது? ஆம்ப்ளிஃபயரின் வேகத்தை அளப்பது பற்றி

ஒரு ஆம்ப்ளிஃபயருக்கு 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைக் கொடுத்து, வெளியே வருவதை ஆசிலோஸ்கோப்பில் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் அலை சட்டென்று கீழிருந்து மேலே தாவுகிறது. வெளியே வருவது அப்படித் தாவாது. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டுதான் ஏறும். திரையை நன்றாக விரித்துப் பார்த்தால் அந்த ஏற்றம் இரண்டு விதமாக இருக்கலாம். வேகமாகக் கிளம்பி, உச்சியை நெருங்க நெருங்க வேகம் தணிந்து, வளைந்து போய்ச் சேரலாம். அல்லது ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல ஒரே சாய்வில் ஏறி, உச்சியில் டக்கென்று நிற்கலாம்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டிலும் ஏற்றத்துக்கு 3 மைக்ரோவினாடி ஆகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் முதலாவதில் ஆம்ப்ளிஃபயர் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. இரண்டாவதில், அந்த 3 மைக்ரோவினாடியும் அது உள்ளே வரும் சிக்னலைக் கவனிக்கவே இல்லை. 1970களில் ஆடியோ பொறியாளர்கள் பத்து வருடம் வாதாடிய விஷயம் இந்த இரண்டு சாய்வுகளுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், விளம்பரங்களில் வரும் ஸ்லூ ரேட் (வெளிவரும் வோல்டேஜ் மைக்ரோவினாடிக்கு அதிகபட்சம் எத்தனை வோல்ட் மாறும் என்பது) எண்களை எப்படி எடுத்துக்கொள்வது என்பதும் தெளிவாகிவிடும்.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. சதுர அலையின் உயரத்தை இரண்டு மடங்காக்குங்கள். வளைந்து ஏறும் ஆம்ப்ளிஃபயர், இரண்டு மடங்கு உயரத்தையும் அதே 3 மைக்ரோவினாடியில் ஏறி முடிக்கும். அதாவது அதன் வேகமும் இரண்டு மடங்காகிவிடும். நேர்கோட்டில் ஏறுவது அப்படிச் செய்யாது. அதன் வேகம் மாறாது, நேரம்தான் 6 மைக்ரோவினாடியாக நீளும். முதலாவது வெறும் அலைவரிசை வரம்பு. அதிர்வெண் கூடக் கூட ஒலி கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான். சிக்னலில் இல்லாத எதையும் அது சேர்ப்பதில்லை. இரண்டாவதன் பெயர்தான் ஸ்லூயிங். அது சேர்க்கும்.

இந்த வேக வரம்பு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்கள் மூன்று கட்டங்களாக இருக்கும். முதல் கட்டத்தில் ஜோடியாக இரண்டு டிரான்சிஸ்டர்கள். உள்ளே வரும் சிக்னலையும், வெளியிலிருந்து ஃபீட்பேக்காகத் திரும்பி வரும் அதன் பிரதியையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் அடுத்த கட்டத்துக்குத் தள்ளுவது அவற்றின் வேலை. இரண்டாவது கட்டம் அந்த வித்தியாசத்தைப் பெரிதாக்கும். மூன்றாவது கட்டம் ஸ்பீக்கரை ஓட்டும். இரண்டாவது கட்டத்தின் குறுக்கே ஒரு சின்ன கெப்பாசிட்டர் உட்கார்ந்திருக்கும். 100 பிக்கோஃபாரட் அளவில். அது இல்லாவிட்டால் ஃபீட்பேக் சுற்று தானாகவே ஊளையிட ஆரம்பித்துவிடும்.

வெளிவரும் வோல்டேஜ் மாற வேண்டுமென்றால் இந்தக் கெப்பாசிட்டர் நிரம்ப வேண்டும் அல்லது காலியாக வேண்டும். அதை நிரப்பும் மின்னோட்டம் முதல் கட்டத்திலிருந்து வருகிறது. குழாயடியில் குடம் நிரப்புவது போலத்தான். அவசரம் எவ்வளவு இருந்தாலும் குழாயை முழுக்கத் திறந்தபின் அதற்குமேல் வேகம் கிடையாது. முதல் கட்ட ஜோடிக்கு மொத்தமாகக் கொடுக்கப்பட்டிருக்கும் மின்னோட்டம் 2 மில்லிஆம்பியர், கெப்பாசிட்டர் 100 பிக்கோஃபாரட் என்றால், ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் மைக்ரோவினாடிக்கு 20 வோல்ட் வருகிறது. அந்த ஆம்ப்ளிஃபயரின் ஸ்லூ ரேட் அதுதான். வாட்ஸ் எவ்வளவு, டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு பெரிது என்பதற்கெல்லாம் இதில் பங்கில்லை.

எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் கல்லூரி லேபில் 741 ஐசியை (ஒரே சில்லுக்குள் அடங்கிய சின்ன ஆம்ப்ளிஃபயர்) தொடாமல் வந்திருக்க மாட்டார்கள். ஃபேர்சைல்டில் டேவ் ஃபுல்லகர் வடிவமைத்து 1968இல் வெளிவந்த ஐசி அது. அதனுள் இருக்கும் கெப்பாசிட்டர் 30 பிக்கோஃபாரட். முதல் கட்ட மின்னோட்டமோ சில பத்து மைக்ரோஆம்பியர்கூட இல்லை. விளைவு, மைக்ரோவினாடிக்கு அரை வோல்ட். 10 வோல்ட் உச்சமுள்ள சைன் அலையை 741 சிதைக்காமல் தருவது சுமார் 8 கிலோஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேலே போனால் சைன் அலை முக்கோணமாகிவிடும். லேபில் நாம் வரைந்து கொடுத்த அந்த முக்கோணம்தான் இந்தக் கட்டுரையின் முழு விஷயமும்.

சரி, எவ்வளவு வேகம் இருந்தால் போதும்? கணக்கு சுலபம். ஒரு சைன் அலை மிக வேகமாக மாறும் இடம் பூஜ்யத்தைக் கடக்கும் இடம். அங்கே அதன் வேகம், உச்ச வோல்டேஜை அதிர்வெண்ணாலும் 6.28ஆலும் பெருக்கினால் கிடைக்கும். 8 ஓம் ஸ்பீக்கரில் 100 வாட்ஸ் என்றால் உச்ச வோல்டேஜ் 40. காதுக்கு எட்டும் மேல் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸை அந்த முழு உயரத்தில் கொடுத்தால் மைக்ரோவினாடிக்கு 5 வோல்ட்.

ஐந்தே வோல்ட். இசையில் 20 கிலோஹெர்ட்ஸ் முழு சக்தியில் வருவதே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது தாராளமான எண். அப்படியென்றால் எதற்காக இவ்வளவு வாதம்? அதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஆம்ப்ளிஃபயர்களில் பயன்படும் இந்த நெகட்டிவ் ஃபீட்பேக்கைக் கண்டுபிடித்தவர் பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் பிளாக். 1927 ஆகஸ்ட் 2ஆம் தேதி காலை, ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது யோசனை தோன்றியது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் பக்கத்திலேயே அதை எழுதி வைத்தார். தொலைபேசிக் கம்பிகளுக்காகப் பிறந்த அந்த யோசனை பின்னர் ஆடியோவுக்கும் வந்தது. வால்வு காலத்தில் அதை அளவோடுதான் பயன்படுத்த முடிந்தது. ஸ்பீக்கருக்கு முன்னால் இருந்த அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அதற்குமேல் அனுமதிக்கவில்லை. 1960களில் டிரான்சிஸ்டர் வந்தது, டிரான்ஸ்ஃபார்மர் போனது, ஃபீட்பேக்கை அள்ளிக் கொட்ட முடிந்தது. 1 கிலோஹெர்ட்ஸில் அளந்தால் டிஸ்டார்ஷன் (சிக்னலின் சிதைவு) 0.1 சதவீதத்துக்கும் கீழே. தாளில் பார்த்தால் வால்வு ஆம்ப்ளிஃபயரை விடப் பல மடங்கு மேல். ஆனால் கேட்டவர்கள் பலருக்கு அது கரகரப்பாக, காதை உறுத்துவதாக இருந்தது.

அதற்குக் காரணங்கள் பல. குறைந்த ஒலியில் வரும் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் (ஸ்பீக்கரை ஓட்டும் டிரான்சிஸ்டர்கள் ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்கு வேலை மாறும் இடத்தில் எழுவது) அதில் முக்கியமானது. ஆனால் இன்னொன்றும் இருந்தது. அன்றைய பவர் டிரான்சிஸ்டர்கள் மெதுவானவை. மெதுவான டிரான்சிஸ்டர்களைச் சுற்றி நிறைய ஃபீட்பேக் போட்டால் சுற்று ஊளையிடும். அதைத் தடுக்க அந்தக் கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினார்கள். கெப்பாசிட்டர் பெரிதானது, அதை நிரப்பும் மின்னோட்டம் மட்டும் சிறிதாகவே இருந்தது. ஸ்லூ ரேட் தரைமட்டத்துக்குப் போனது. 1 கிலோஹெர்ட்ஸ் அளவீட்டில் இது துளியும் தெரியாது, ஏனென்றால் அந்த அதிர்வெண்ணில் 40 வோல்டுக்குத் தேவைப்படுவது மைக்ரோவினாடிக்குக் கால் வோல்ட் மட்டுமே.

இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டியவர் ஃபின்லாந்துப் பொறியாளர் மட்டி ஓட்டாலா. 1970இல் ஐஇஇஇ என்ற மின்பொறியாளர் சங்கத்தின் இதழில் வந்த அவருடைய கட்டுரை, டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களில் திடீர் மாற்றங்களின்போது மட்டும் எழும் டிஸ்டார்ஷனைப் பற்றியது. அவர் சொன்னது இதுதான்: சிக்னல் சட்டென்று தாவும்போது, வெளிப்பக்கம் இன்னும் நகரத் தொடங்கவில்லை. அதனால் ஃபீட்பேக்கும் திரும்பி வரவில்லை. முதல் கட்டத்துக்கு, வழக்கமாக வரும் சின்ன வித்தியாசத்துக்குப் பதிலாக முழு சிக்னலும் மோதுகிறது. அது திணறி நின்றுவிடுகிறது. திணறும் அந்தச் சில மைக்ரோவினாடிகளில் வேறு எந்த நுண்ணிய ஒலி வந்தாலும் அது தொலைந்துபோகும். 'டிரான்சியன்ட் இன்டர்மாடுலேஷன்' என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதை 'டிம்' என்று அழைத்தார்கள்.

நோய் என்ன என்பதில் ஓட்டாலா சரியாகவே இருந்தார். மருந்தில்தான் சிக்கல். ஃபீட்பேக்கைக் குறையுங்கள், ஃபீட்பேக் போடுவதற்கு முன்பே ஆம்ப்ளிஃபயர் 20 கிலோஹெர்ட்ஸ் வரை தட்டையாக இருக்கட்டும் என்றார். பிலிப்ஸ் ஆய்வகத்தின் யான் லோஸ்ட்ரோவுடன் சேர்ந்து 1973இல் அந்த முறையில் ஒரு ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பையும் வெளியிட்டார். நார்வேயின் எலக்ட்ரோகம்பனியே நிறுவனம் தொடங்கியதே அந்த வடிவமைப்பை வைத்துத்தான். பிறகு ஓட்டாலா ஹார்மன் கார்டனுக்காகச் செய்த சைட்டேஷன் எக்ஸ்எக்ஸ் ஆம்ப்ளிஃபயரும் பெயர் பெற்றது. "ஃபீட்பேக் அதிகமானால் ஒலி கெடும்" என்று இன்றும் பலர் உறுதியாகச் சொல்வதன் வேர் பெருமளவுக்கு இங்கேதான் இருக்கிறது.

அந்த நம்பிக்கை தவறு என்று நான் நினைக்கிறேன். நினைப்பது மட்டுமல்ல, 1970களின் இறுதியிலேயே அது காட்டப்பட்டும்விட்டது. பீட்டர் கார்டே 1978இல் ஏஇஎஸ் (ஆடியோ பொறியாளர் சங்கம்) இதழிலும், வால்ட் ஜங்கும் சகாக்களும் 1979இலும், பாப் கோர்டெல் 1980இலும் எழுதியவற்றைச் சேர்த்துப் படித்தால் படம் தெளிவாகும். குற்றவாளி ஃபீட்பேக் அல்ல. முதல் கட்டத்துக்குக் கொடுக்கப்பட்ட மின்னோட்டமும், அது எவ்வளவு வித்தியாசத்தைத் தாங்கும் என்பதும்தான்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அழகான இடம் இதுவே. சாதாரண பைபோலார் டிரான்சிஸ்டர் ஜோடி, தனக்குக் கிடைக்கும் மின்னோட்டத்தை இரண்டாகப் பங்கிட்டுக்கொள்கிறது. இரண்டுக்கும் இடையே 100 மில்லிவோல்ட் வித்தியாசம் வந்துவிட்டால் ஏறக்குறைய முழு மின்னோட்டமும் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். அதற்குமேல் வித்தியாசம் 1 வோல்டாக இருந்தாலும் 10 வோல்டாக இருந்தாலும் கூடுதலாகத் தர அதனிடம் எதுவும் இல்லை. குழாய் முழுக்கத் திறந்தாயிற்று. இந்த ஜோடியின் மின்னோட்டத்தை மட்டும் கூட்டினால் அதன் பெருக்கும் திறனும் சேர்ந்தே கூடிவிடும். அதைச் சமாளிக்கக் கெப்பாசிட்டரையும் பெரிதாக்க வேண்டும், பழைய இடத்துக்கே வந்து சேர்வோம்.

தப்பிக்க ஒரு வழி உண்டு. ஜோடியின் எமிட்டர்களில் சிறிய ரெசிஸ்டர்களைப் போட்டு, அதன் பெருக்கும் திறனை வேண்டுமென்றே குறைப்பது. இப்போது அதே மின்னோட்டம் ஒரு பக்கம் சாய 100 மில்லிவோல்ட் போதாது, ஒரு வோல்ட் வேண்டும். பெருக்கும் திறன் பத்தில் ஒன்றானதால் கெப்பாசிட்டரும் பத்தில் ஒன்றாகலாம். வேகம் பத்து மடங்கு. ஃபெட் டிரான்சிஸ்டர்களைப் பயன்படுத்தினால் இது இயல்பாகவே கிடைக்கிறது. டிஎல்072 ஐசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் கட்டம் ஃபெட் ஜோடி, கெயின் பேண்ட்வித் (பெருக்கம் ஒன்றாகக் குறையும் அதிர்வெண்) 3 மெகாஹெர்ட்ஸ். எமிட்டர் ரெசிஸ்டர் இல்லாத பைபோலார் ஜோடியோடு அதே 3 மெகாஹெர்ட்ஸில் ஒரு ஐசி செய்தால் மைக்ரோவினாடிக்கு 1 வோல்ட் பக்கம்தான் வரும். டிஎல்072 தருவது 13 வோல்ட். இரண்டிலும் ஃபீட்பேக்கின் அளவு ஒன்றே. மாறியது முதல் கட்டத்தின் தாங்கும் திறன் மட்டுமே.

வால்ட் ஜங் ஒரு நடைமுறை விதியையும் கொடுத்தார்: உச்ச வோல்டேஜின் ஒவ்வொரு வோல்டுக்கும் மைக்ரோவினாடிக்கு அரை வோல்ட் முதல் 1 வோல்ட் வரை வேகம் இருக்கட்டும். 40 வோல்ட் உச்சத்துக்கு 20 முதல் 40. மேலே நாம் போட்ட 5 வோல்ட் கணக்கை விட இது நான்கு முதல் எட்டு மடங்கு. காரணம், வரம்பைத் தொட்ட பிறகுதான் கெடும் என்றில்லை. வரம்பை நெருங்க நெருங்கவே முதல் கட்டம் வளைய ஆரம்பித்து டிஸ்டார்ஷனைக் கூட்டிவிடும். அந்த இடைவெளிக்காகத்தான் இந்தத் தாராளம். அதே நேரம், 200, 300 என்று விளம்பரங்களில் வரும் எண்களுக்குக் காதில் எந்தப் பலனும் இல்லை. 40 போதுமான இடத்தில் 300 இருப்பது, எண்பதில் போகும் சாலையில் மீட்டரில் முந்நூறு எழுதியிருப்பது போல.

இன்னொரு கேள்வி இங்கே வரும். இசையில் திடீர் அடிகள் இருக்கின்றனவே, மிருதங்கத்தின் சாப்பு, தவிலில் குச்சி விழும் இடம், அவையெல்லாம் 20 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை விட வேகமாகத் தாவாதா? தாவாது. சிடி வினாடிக்கு 44,100 முறை மாதிரி எடுக்கிறது; அதில் 22.05 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்க முடியாது. ஒரு சிக்னலில் உள்ள அதிகபட்ச அதிர்வெண்ணும் அதன் அதிகபட்ச உயரமும் கட்டுக்குள் இருந்தால், அது எந்த வடிவத்தில் இருந்தாலும் சரி, அதே உயரமும் அதே உச்ச அதிர்வெண்ணும் கொண்ட சைன் அலையை விட வேகமாக ஏற முடியாது. இது கணிதத்தில் நிரூபிக்கப்பட்டது. திடீர் என்பது தனியான ஒரு மாயப் பொருள் அல்ல. உயர்ந்த அதிர்வெண்ணும் பெரிய உயரமும் ஒரே நேரத்தில் சேர்வதன் பெயர் அது. எல்பி ரெக்கார்டில் ஒரு கீறல் வந்தால் மட்டும் காது கேட்காத உயர் அதிர்வெண்களும் சேர்ந்து வரும். அன்றைய பொறியாளர்கள் பயந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தப் பயத்துக்கும் மலிவான மருந்து உண்டு: ஆம்ப்ளிஃபயரின் வாசலிலேயே ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். 100 கிலோஹெர்ட்ஸில் வெட்டும் அந்தச் சின்ன ஃபில்டரைத் தாண்டி வரும்போது, எவ்வளவு கூர்மையான தாவலும் மழுங்கிவிடும். வெளியே 40 வோல்ட் தாவல் என்றால் அதன் உச்ச வேகம் மைக்ரோவினாடிக்கு 25 வோல்டைத் தாண்டாது. கீழ் முனையிலிருந்து மேல் முனை வரை முழு 80 வோல்ட் என்றால் 50. ஆம்ப்ளிஃபயரின் ஸ்லூ ரேட் அதை விட அதிகமாக இருந்தால், உள்ளே எதைக் கொடுத்தாலும் அதைத் திணறடிக்க முடியாது.

இனி அளப்பதற்கு வருவோம். சதுர அலை கண்ணுக்குக் காட்டும். எண்ணாகச் சொல்ல வேறொரு சோதனை வேண்டும். 1977இல் லெய்னோனென், ஓட்டாலா, ஜான் கர்ல் மூவரும் ஏஇஎஸ் இதழில் ஒரு முறையை முன்வைத்தார்கள். இன்றைய தரநிலை வடிவத்தில் அது இப்படி: 3.15 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை, அதன் மேல் 15 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை. சதுர அலை நான்கு பங்கு உயரம், சைன் ஒரு பங்கு. சதுர அலையை முன்கூட்டியே 30 கிலோஹெர்ட்ஸ் அல்லது 100 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டர் வழியே அனுப்புவார்கள், அதைப் பொறுத்து டிம்30, டிம்100 என்று முடிவை எழுதுவார்கள் (இந்த டிம் வேறு, இதில் முதலெழுத்து 'டைனமிக்' என்பதன் டி). 100 கடுமையானது, 30 இசைக்கு நெருக்கமானது.

இந்தச் சோதனையின் புத்திசாலித்தனம் எனக்கு மிகவும் பிடிக்கும். சதுர அலை தாவும் ஒவ்வொரு முறையும் ஆம்ப்ளிஃபயர் திணறினால், அதன் மேல் சவாரி செய்யும் சைன் அலை அந்த நொடியில் காணாமல் போகும். வினாடிக்கு 6,300 முறை தாவல், 6,300 முறை காணாமல் போதல். அந்த வெட்டுகள் சதுர அலையின் அதிர்வெண்ணும் சைனின் அதிர்வெண்ணும் கலந்த புதிய ஒலிகளைப் பிறப்பிக்கும். 15இலிருந்து 3.15இன் மடங்குகளைக் கழித்துப் பாருங்கள்: 11.85, 8.7, 5.55, 2.4 கிலோஹெர்ட்ஸ். மடங்கு 15ஐத் தாண்டினால் மறுபக்கம் கழித்து 0.75, 3.9, 7.05, 10.2, 13.35. மொத்தம் ஒன்பது. இவற்றில் ஒன்றுகூட உள்ளே கொடுத்த சிக்னலில் இல்லை. ஒன்பதும் காது கேட்கும் எல்லைக்குள் இருக்கின்றன. ஸ்பெக்ட்ரம் அனலைசரில் அந்த ஒன்பது இடங்களையும் பார்த்து, அவற்றின் கூட்டுத்தொகையைச் சைன் அலையோடு ஒப்பிட்டால் சதவீதம் கிடைத்துவிடும். ஆம்ப்ளிஃபயர் திணறினால் அந்த எண் படிப்படியாக ஏறாது. ஒரு அளவைத் தாண்டியதும் செங்குத்தாக எகிறும்.

ஆனாலும் இது இன்று அரிதாகவே பயன்படுகிறது. கோர்டெலும் மற்றவர்களும் காட்டியதுபடி, முழு சக்தியில் 20 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையின் டிஸ்டார்ஷனை அளந்தாலே இதே நோய் தெரிந்துவிடும். அல்லது 19, 20 கிலோஹெர்ட்ஸ் இரண்டையும் சமமாகச் சேர்த்துக் கொடுத்து, 1 கிலோஹெர்ட்ஸில் ஏதாவது முளைக்கிறதா என்று பார்க்கலாம். கூடவே 18, 21 கிலோஹெர்ட்ஸையும் பார்ப்பது நல்லது. சில சுற்றுகளில் 1 கிலோஹெர்ட்ஸ் தானாக அடிபட்டுப்போய் ஆம்ப்ளிஃபயரை நல்ல பிள்ளையாகக் காட்டிவிடும்.

வீட்டு மேசையில் செய்பவர்களுக்குச் சதுர அலைதான் வசதி. ஒரு ஃபங்ஷன் ஜெனரேட்டர், 20 மெகாஹெர்ட்ஸ் ஆசிலோஸ்கோப், 8 ஓம் வயர்வுண்ட் ரெசிஸ்டர் போதும். கம்ப்யூட்டர் சவுண்ட் கார்டு உதவாது. 192 கிலோஹெர்ட்ஸில் ஓடினாலும் அது 96 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பார்க்காது, ஓரத்தின் உண்மையான வடிவம் அதற்கு மேலேதான் இருக்கிறது.

முதலில் ப்ரோபை (ஸ்கோப்பின் அளக்கும் முனையை) சரிசெய்யுங்கள். பத்துக்கு ஒன்று ப்ரோபில் இருக்கும் சின்ன திருகு சரியாக இல்லையென்றால், எந்த ஆம்ப்ளிஃபயரிலும் உச்சியில் ஒரு பொய்க் கொம்பு தெரியும். நான் ஒரு மாலை முழுக்க ஒரு போர்டில் கெப்பாசிட்டர்களை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் ப்ரோபை ஸ்கோப்பின் சொந்த சதுர அலையில் மாட்டியபோதுதான் அதே கொம்பு அங்கேயும் நின்றது தெரிந்தது. அன்றிலிருந்து அது முதல் வேலை.

அடுத்தது அதிர்வெண். 1 கிலோஹெர்ட்ஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தின் வேகம் எந்த அதிர்வெண்ணிலும் ஒன்றுதான், ஆனால் சூடு ஒன்றல்ல. ஆம்ப்ளிஃபயரின் வெளிப்பக்கத்தில் ஸோபெல் என்று ஒரு ஜோடி இருக்கும், வழக்கமாக 10 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும். ஒவ்வொரு தாவலும் அந்த ரெசிஸ்டரைச் சூடாக்கும். 1 கிலோஹெர்ட்ஸில் 80 வோல்ட் தாவல்கள் கொடுத்தால் கால் வாட்ஸ் பக்கத்தில் நிற்கும். அதையே 10 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் சில வாட்ஸ் ஆகிவிடும். கருகும் வாசனை வரும். இன்னொன்று: அதே உச்ச வோல்டேஜில் சதுர அலை, சைன் அலையைப் போல இரண்டு மடங்கு சக்தியைச் சுமைக்குக் கொடுக்கும். 100 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரில் 40 வோல்ட் சதுர அலை என்றால் அந்த 8 ஓம் ரெசிஸ்டரில் 200 வாட்ஸ். சில வினாடிகளில் பார்த்துவிட்டு நிறுத்திவிட வேண்டும். ஸ்பீக்கரில் இதைச் செய்யவே கூடாது, ட்வீட்டர் போய்விடும்.

உயரத்தின் 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை ஏற எடுக்கும் நேரத்தைப் படியுங்கள். மொத்தத் தாவல் 40 வோல்ட் என்றால் அந்தப் பகுதி 32 வோல்ட். அதற்கு 3.2 மைக்ரோவினாடி ஆனால் வேகம் மைக்ரோவினாடிக்கு 10 வோல்ட். ஏற்றத்தையும் இறக்கத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும். பல ஆம்ப்ளிஃபயர்களில் ஒரு திசை மெதுவாக இருக்கும், ஏனென்றால் அந்தத் திசையில் இரண்டாவது கட்டத்தின் நிலையான மின்னோட்டமே எல்லையாகிவிடுகிறது. இரண்டில் குறைந்ததைத்தான் ஸ்லூ ரேட் என்று எழுத வேண்டும். பிறகு உயரத்தைப் பாதியாக்கி, நேரம் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் நீங்கள் அளந்தது உண்மையிலேயே ஸ்லூயிங். குறையாவிட்டால் நீங்கள் பார்த்தது அலைவரிசை வரம்பு, அப்போது 0.35ஐ அந்த நேரத்தால் வகுத்தால் ஆம்ப்ளிஃபயரின் மேல் அதிர்வெண் கிடைக்கும். 3.5 மைக்ரோவினாடி என்றால் 100 கிலோஹெர்ட்ஸ்.

வாசலில் ஃபில்டர் இருக்கும் ஆம்ப்ளிஃபயரில், பெரும்பாலும் வளைவு மட்டுமே தெரியும். ஸ்லூயிங்கைப் பார்க்க வேண்டுமென்றே அந்த ஃபில்டரைக் கழற்றி அளப்பவர்கள் உண்டு. வடிவமைப்பவருக்கு அது தேவை. வாங்கிக் கேட்பவருக்கு, ஃபில்டரோடு அளந்ததே உண்மை.

சதுர அலையின் உச்சியில் சிற்றலைகள் தெரிந்தால் அது வேறு கதை. 8 ஓமுக்கு இணையாக 2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை மாட்டினால், நல்ல ஆம்ப்ளிஃபயரும் கொஞ்சம் ஆடும். அதில் பெரும்பங்கு ஆம்ப்ளிஃபயரின் வெளிப்பக்கத்தில் இருக்கும் சுருளும் நாம் மாட்டிய கெப்பாசிட்டரும் சேர்ந்து ஆடுவது. ஆட்டம் சீக்கிரம் அடங்கினால் கவலை இல்லை. அடங்காமல் நீண்டால் ஃபீட்பேக் சுற்று விளிம்பில் நிற்கிறது என்று பொருள். இதைச் சின்ன உயரத்தில்தான் சோதிக்க வேண்டும். பெரிய உயரத்தில் ஸ்லூயிங் குறுக்கே வந்து ஆட்டத்தை மறைத்துவிடும்.

மைக்ரோவினாடிகளில் நடக்கும் திடீர் மாற்றம் ஒன்று. மில்லிவினாடிகளில் நடப்பது இன்னொன்று, பவர் சப்ளையின் கதை. அதை அளக்க 1978இல் அமெரிக்காவில் ஐஎச்எஃப் (ஹை-ஃபை தொழிலின் அமைப்பு) ஒரு முறையைத் தரநிலையாக்கியது: 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை 20 மில்லிவினாடி உரத்து, அடுத்த 480 மில்லிவினாடி 20 டெசிபெல் தாழ்த்தி, திரும்பத் திரும்பக் கொடுப்பது. அந்தக் குறுகிய வெடிப்பில் எவ்வளவு சக்தி வருகிறது, தொடர்ந்து தரக்கூடியதைவிட எத்தனை டெசிபெல் அதிகம் என்பது முடிவு. அதே காலத்தில் வந்த என்ஏடி 3020 ஆம்ப்ளிஃபயர், தாளில் வெறும் 20 வாட்ஸ். ஆனால் இந்த வெடிப்புகளில் அதன் இரண்டு மடங்கைத் தரக்கூடியது. ஒலி உச்சத்தில் வெட்டுப்பட்ட பிறகு ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு சீக்கிரம் மீள்கிறது என்பதையும் இதே சோதனையில் பார்க்கலாம். வெட்டு முடிந்தபின்னும் சில மைக்ரோவினாடி ரெயிலிலேயே (பவர் சப்ளை வோல்டேஜின் எல்லையிலேயே) ஒட்டிக்கொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபயர்கள் உண்டு. அது காதில் கேட்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இன்று கடைகளில் கிடைக்கும் சின்னச் சின்ன போர்டுகள் பெரும்பாலும் கிளாஸ் டி. அவற்றில் ஸ்பீக்கரை ஓட்டும் டிரான்சிஸ்டர்கள் சில லட்சம் ஹெர்ட்ஸில் ரெயிலுக்கு ரெயில் தாவிக்கொண்டே இருக்கின்றன. பின்னால் இருக்கும் சுருளும் கெப்பாசிட்டரும் அதை இசையாக வடிகட்டுகின்றன. அங்கே சதுர அலையின் ஓரம் காட்டுவது பெரும்பாலும் அந்த வடிகட்டியைத்தான், அதன் மேல் ஸ்விட்ச்சிங்கின் சிற்றலையும் படர்ந்திருக்கும். அந்தச் சிற்றலை அளவுக்கருவியைக் குழப்பாமலிருக்க 20 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டர் போட்டு அளப்பார்கள். ஃபில்டர் போட்டபின் ஓரம் என்று ஒன்று மிஞ்சாது. 20 கிலோஹெர்ட்ஸின் ஹார்மோனிக்குகளும் அதிலேயே போய்விடும். அதனால் இவற்றுக்கு 19, 20 கிலோஹெர்ட்ஸ் ஜோடிதான் பொருத்தம். அதிலிருந்து முளைக்கும் 1, 18 கிலோஹெர்ட்ஸ் இரண்டும் ஃபில்டருக்குள் தப்பிப் பிழைத்து, நடப்பதைச் சொல்லிவிடும்.

இந்த போர்டுகளில் ஆசிலோஸ்கோப்பை மாட்டுமுன் ஒன்றைக் கவனியுங்கள். பலவற்றில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளும் ஓட்டப்படுபவை, கிரவுண்ட் என்று அங்கே எதுவும் இல்லை. ப்ரோபின் கிரவுண்ட் கிளிப்பை ஸ்பீக்கரின் மைனஸ் முனையில் மாட்டினால், பவர் சப்ளையின் மைனஸ் எங்காவது எர்த்தோடு சேர்ந்திருக்கும் பட்சத்தில், அந்த முனை நேராக ஷார்ட் ஆகி ஐசி அங்கேயே போய்விடும். கிரவுண்ட் கிளிப்பை சப்ளையின் மைனஸில் மாட்டி, இரண்டு முனைகளிலும் இரண்டு ப்ரோப்களை வைத்து, ஸ்கோப்பில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பாருங்கள்.